மஹிந்திரா தார் வண்டிக்கு ராக் ஸ்லைடர்: சேஸோட வெல்டிங்கா, போல்ட்டா?

கரிசல்காட்டான் (திருமங்கலம்)

வணக்கம். வண்டி மூணு கதவு தார், 2020-க்குப் பிந்தைய மாடல், டீசல், 255/65 ஆர்18 டயர். ஓட்டம் பேரையூர், சாப்டூர் பக்கம் தோட்டத்துப் பாதை, கண்மாய்க் கரை ஏறி இறங்குறது, அப்பப்ப மேலூர் பக்கம் பாறைப் பாதை. கரை உச்சியில முன்சக்கரம் இறங்கினதும் கதவுக்கு அடியில ஓடுற பாடி விளிம்பு தட்டுது. அதைக் காப்பாத்த, வண்டியோட அடிச்சட்டமான சேஸ்ல மாட்டுற பைப், அதான் ராக் ஸ்லைடர், போடணும்.

பட்டறையில சொல்ற திட்டம்: 2 இன்ச் ஜி.ஐ. பைப், பக்கத்துக்கு ரெண்டு கால் (பைப்பைச் சேஸோட சேக்குற தாங்கி), ஃபுட்ஸ்டெப் மாட்டுற இடத்துலயே வச்சு சேஸோட ஃபுல் வெல்டிங், மேல பவுடர் கோட்டிங். இது தாங்குமா? பைப் எத்தனை மி.மீ. கனம் கேக்கணும்?

கே.புதூர் ஃபிட்டர்

தம்பி, அந்தத் திட்டத்துல சரியா இருக்குறது பைப்போட உருண்டை வடிவம் மட்டும்தான்.

முதல்ல ஃபுட்ஸ்டெப் வேற, ஸ்லைடர் வேற. ஃபுட்ஸ்டெப் பிராக்கெட் ஒரு ஆள் ஏறி மிதிக்கிற எடைக்குப் போட்டது. ஸ்லைடர்ல பாதி வண்டி உக்காரும். ஆளும் சாமானும் சேர்த்து வண்டி 2 டன்னு வச்சா, ஒரு பக்கம் பாறையில சாஞ்சா 1 டன். அது மெதுவா வச்ச கணக்கு. ஒரு சாண் உயரத்துலருந்து பொத்துனு இறங்கினா இன்னும் கூடும்.

ஜி.ஐ. பைப் வேண்டாம். துத்தநாகப் பூச்சு மேல வெல்டிங் அடிச்சா வெள்ளைப் புகை வரும், அதை இழுத்த வெல்டருக்கு ராத்திரி குளிர்காய்ச்சல் மாதிரி வரும். வெல்டிங்குக்குள்ளயும் காத்துக் குமிழ் நிக்கும். கருப்புப் பைப் (துத்தநாகம் பூசாதது) கேளுங்க. ஐ.எஸ். 1239 பைப்புல வர்ணக் கோடு பாத்து வாங்கலாம்: மஞ்சள் லைட், நீலம் மீடியம், சிவப்பு ஹெவி. ஒன்றரை இன்ச் பைப்போட வெளி விட்டம் 48.3 மி.மீ.; மீடியம் 3.2, ஹெவி 4 மி.மீ. கனம். உங்களுக்கு ஹெவி. இதுவும் தண்ணிக் குழாய் ரகம்தான். ஐ.எஸ். 1161 ஸ்ட்ரக்சரல் பைப்பா, ஒய்.எஸ்.டி. 310 தரத்துல (310 மெகாபாஸ்கல் தகைவு வரைக்கும் நிரந்தரமா வளையாது) கிடைச்சா அதுதான் முதல் தேர்வு.

ரெண்டு கால் போதவே போதாது. பைப் கனத்தைவிடக் கால் இடைவெளிதான் முக்கியம். கணக்கைப் பாருங்க: ரெண்டு காலுக்கு நடுவுல 1 டன் விழுந்தா, இடைவெளி 50 செ.மீ.யா இருக்குறப்ப 48.3 × 4 பைப்புல வர்ற வளைவுத் தகைவு சுமார் 215 மெகாபாஸ்கல். அதே பைப், இடைவெளி 75 செ.மீ.னா 320-ஐத் தாண்டுது. 310 தர பைப்பே வளைஞ்சு போற அளவு. 50 செ.மீ. இடைவெளியில 3.2 கனப் பைப் போட்டாலும் 255 வருது. ஆக, 4 மி.மீ. கனம், 50 செ.மீ.க்குள்ள இடைவெளி, மூணு கால். முனையில 25 செ.மீ. விட்டா ஒன்றரை மீட்டர் ஸ்லைடருக்குக் கணக்கு சரியா வரும்.

நாகமலை நாலுசக்கரம்

ஃபிட்டர் அண்ணே, நடுப்பகுதிக் கணக்கு சரி, முனை இடிக்குதே. கடைசிக் காலைத் தாண்டி 25 செ.மீ. சும்மா நீட்டிக்கிட்டு இருக்கு. கண்மாய்க் கரையில இறங்குறப்பவும் சரி, பாறையை ஒட்டித் திரும்புறப்பவும் சரி, எடை அந்த முனையிலதான் முதல்ல விழும். 1 டன் அங்க விழுந்தா 430 மெகாபாஸ்கல் வருது. எந்தத் தரப் பைப்பும் நிக்காது. மேல மடங்கி நேரா கதவு விளிம்புல போய்க் குத்தும்.

முனை நீட்டம் 15 செ.மீ.க்கு மேல போகக் கூடாது. அப்படின்னா கால் நாலு: 15, 40, 40, 40, 15. அதுதான் 150 செ.மீ.

நீளத்துக்கும் ஒரு கணக்கு. வீல்பேஸ் 2450 மி.மீ. இந்த டயரோட விட்டம் சுமார் 789. ரெண்டு டயருக்கும் நடுவுல 1660 மிச்சம். முன் டயர் முழுசா ஒடிச்சா பின்பக்க ஓரம் உள்ள வரும், அதோட சஸ்பென்ஷன் அமுங்குறதும் இருக்கு. முன்னால 90, பின்னால 60, 70 விட்டு 1500-ல நிறுத்துங்க. பெரிய டயர் போடுற எண்ணம் இருந்தா இப்பவே அந்த டயரை வச்சு அளங்க.

கே.புதூர் ஃபிட்டர்

ஒத்துக்கிறேன், முனையைக் கணக்குல எடுக்கல. நாலு கால்தான் சரி. சேஸ்ல நாலாவது காலுக்கு இடம் இல்லாம பிராக்கெட்டோ டேங்கோ மறிச்சா, கடைசிக் காலோட அடியிலருந்து முனைக்கு ஒரு சாய்வுக் கை குடுங்க.

சிறுமலைச் சரிவு

எல்லாரும் பைப்பையே பேசுறீங்க. வளையப்போறது கால். சேஸ் வெளிமுகத்துலருந்து பாடி விளிம்பு வரைக்கும் 30 செ.மீ.னு வச்சுக்குவோம் (உங்க வண்டியில டேப் வச்சு அளந்துக்கங்க). ஒத்தக் காலு மேல 1 டன் விழுந்தா சேஸ் ஓரத்துல சுமார் 2940 நியூட்டன் மீட்டர். அதே 48.3 பைப்பைக் காலுக்கும் வெட்டிப் போட்டா 500 மெகாபாஸ்கலுக்கு மேல. பல பட்டறையில மிச்சத் துண்டைத்தான் காலா வைக்கிறாங்க, வளையிறதும் அங்கதான்.

காலுக்கு 60 × 60 × 4 சதுரக் குழாய், ஐ.எஸ். 4923. அதுல இதே எடைக்கு 200 மெகாபாஸ்கல்தான் வரும். அடியில 6 மி.மீ. தகட்டுல முக்கோணக் கசெட் (மூலைத் தாங்கி) ஒண்ணு வச்சா இன்னும் நல்லது.

எங்க வைக்கிறதுன்னும் பாக்கணும். கால் மேல தூக்கப்படுறப்ப சேஸ் ராடை முறுக்கப் பாக்கும். கிராஸ் மெம்பர் (ரெண்டு பக்கச் சேஸையும் இணைக்கிற குறுக்குச் சட்டம்) சேருற இடத்தை ஒட்டி வச்சா முறுக்கம் அடுத்த பக்கச் சேஸுக்குப் போயிடும். வெறும் நடு நீளத்துல வச்சா அந்த இடம் மட்டும் முறுக்கி முறுக்கி அலுத்துப் போகும். 40 செ.மீ. அளவை நூல் புடிச்ச மாதிரி வைக்க வேண்டியதில்ல. கிராஸ் மெம்பருக்காக 5, 6 செ.மீ. முன்ன பின்ன நகத்தலாம்.

அப்புறம், வெல்டிங்தான். போல்ட் போட்டா ஆறு மாசத்துல லூஸ் ஆகிக் கடகடனு சத்தம் வரும்.

கரிசல்காட்டான்

கணக்கெல்லாம் நல்லா விளங்குது. ஆனா வெல்டிங்கா போல்ட்டாங்குறதுல பட்டறை ஒண்ணு சொல்லுது, நண்பர்கள் ஒண்ணு சொல்றாங்க. லாரி பட்டைக்கு (லீஃப் ஸ்பிரிங்) போடுற யு போல்ட் போட்டு சேஸைக் கவ்வலாம்னும் ஒருத்தர் சொல்றார்.

கே.புதூர் ஃபிட்டர்

யு போல்ட் வேண்டாம். பட்டைக் கட்டுக்கு அடியில அச்சு கெட்டியா உக்காந்திருக்கும், அதுக்கு அது சரி. சேஸ் உள்ள காலியான பெட்டி. யு போல்ட் நாலு மூலையில மட்டும் கடிக்கும், டைட் பண்ணப் பண்ண மூலை நசுங்கும், நசுங்கினதும் லூஸ். போதாததுக்கு முன்னாலருந்து பாறை இடிச்சா மொத்த ஸ்லைடரும் சேஸ் மேல வழுக்கிப் பின்னால போயிடும்.

வெல்டிங் அடிக்கவே கூடாதுன்னு சொல்ல மாட்டேன். அடிக்கிற விதத்துல இருக்கு. காலை நேரா சேஸ் மேல ஒட்டி சுத்திவர அடிக்கிறது தப்பு. வெல்டிங்கை ஒட்டின விளிம்புல இரும்போட குணம் மாறிப்போகும். சேஸுக்குக் குறுக்கால மேலிருந்து கீழா ஒரு வெல்டிங் கோடு ஓடினா, விரிசல் அந்தக் கோட்டை ஒட்டியே நூல் மாதிரி ஆரம்பிக்கும். பெயின்ட்டுக்குள்ள ஒரு துருக்கோடு தெரியும், அம்புட்டுதான் அடையாளம். கழுவின வண்டியில டார்ச் அடிச்சாத்தான் கண்ணுக்குப் படும்.

வெல்டிங்தான்னு முடிவு பண்ணினா நடுவுல 5 மி.மீ. தகடு கட்டாயம். தகட்டோட முன், பின் முனை சாய்சதுரமா கூம்பி இருக்கணும். மேல் கீழ் வளைவுலருந்து 20 மி.மீ. தள்ளி நிக்கணும். நீளவாக்குல மட்டும் வெல்டிங், கூம்பு முனையில 15 மி.மீ. வெல்டிங் இல்லாம விடணும். தகட்டு நடுவுல 16 மி.மீ. ஓட்டை ரெண்டு போட்டு அதையும் நிரப்பணும். கால் அந்தத் தகடு மேல.

இவ்வளவையும் ஒழுங்கா செய்யுற பட்டறை கிடைச்சாலும், வாரன்டியில இருக்குற வண்டிக்கு நான் போல்ட்டுன்னுதான் சொல்வேன். வளைஞ்சா கழட்டி நிமித்தலாம். வெல்டிங்கை கட்டிங் வீல் வச்சு அறுக்குறப்ப சேஸும் சேர்ந்து அறுபடும்.

நாகமலை நாலுசக்கரம்

சிறுமலைச் சரிவு எழுதியது: "போல்ட் போட்டா ஆறு மாசத்துல லூஸ் ஆகும்"

லூஸ் ஆகுறதுக்குக் காரணம் போல்ட் இல்ல, பெட்டிச் சேஸ். துளை போட்டு இந்தப் பக்கத்துலருந்து அந்தப் பக்கம் போல்ட் விட்டு முறுக்கினா ரெண்டு சுவரும் உள்ள குழியும். இன்னிக்கு டைட்டா இருக்கும். சுவர் இன்னும் கொஞ்சம் உள்ள போனதும் பிடி விட்டுரும். வழி ரெண்டு.

ஒண்ணு, உள்ளே ஸ்லீவ், அதாவது குழாய்த் துண்டு. லேத்துல 20 மி.மீ. வெளி விட்டம், 12.5 உள் துளையில புஷ் கடையச் சொல்லுங்க, நீளம் சேஸோட வெளி அகலம் கழித்தல் உள்சுவர் கனம். வெளிச்சுவர்ல 20 துளை, உள்சுவர்ல 12.5 துளை. ஸ்லீவை வெளியிலருந்து தள்ளினா உள்சுவர்ல முட்டி நிக்கும், வெளிமுகம் சமமா வரும். இப்ப போல்ட்டை முறுக்கினா விசை ஸ்லீவ் வழியா போகும், சுவர் குழியாது. எம்12, 8.8 தர போல்ட், தலையில 8.8-னு குத்தியிருக்கும், குத்தாததை வாங்காதீங்க. டார்க் ரெஞ்ச்ல 80 நியூட்டன் மீட்டர். துளை சேஸோட பக்கச் சுவர்ல மட்டும். மேல், கீழ் முகத்துல ஒரு ஓட்டைகூடப் போடக் கூடாது. சேஸ் வளையிறப்ப முழு இழுவையும் அங்கதான்.

ரெண்டு, சாண்ட்விச். துளையே வேண்டாம். சேஸுக்கு வெளிமுகத்துல 8 மி.மீ. தகடு, உள்முகத்துல 8 மி.மீ. தகடு, சேஸுக்கு மேல ரெண்டு, கீழ ரெண்டுன்னு எம்12 போல்ட் நாலு. வெளித் தகட்டோட சேஸ் அடியைத் தாங்குற மாதிரி ஒரு உதடு வெல்டிங் பண்ணுங்க. பாறை ஸ்லைடரைத் தள்ளுறது மேல்நோக்கித்தான், அந்த எடையை உதடு வாங்கிக்கும். கால் மேல தூக்கினா தகட்டோட மேல் ஓரம் சேஸை அழுத்தும், கீழ் ஓரம் பிரியப் பாக்கும். ஆக இழுவை முழுசும் கீழ் போல்ட்டுக்குத்தான். கீழ் ரெண்டும் சேஸ் அடியை உரசி நிக்கணும், தள்ளிப்போனா தகடு வளையும். இங்க 60 நியூட்டன் மீட்டர் போதும், மேல போனா பெட்டி நசுங்கும். நாலு கால்ல ஒண்ணாவது ஏற்கெனவே இருக்குற கம்பெனி துளையிலயோ பிராக்கெட் பக்கத்துலயோ முட்டி நின்னா முன்ன பின்ன வழுக்காது.

ரெண்டுலயும் நைலாக் நட்டு (உள்ள நைலான் வளையம் இருக்குறது, தானா கழலாது). 100 கி.மீ.ல ஒரு தடவை, 500-ல ஒரு தடவை மறுபடி டைட். நட்டுலருந்து தகடு வரைக்கும் பெயின்ட்ல ஒரு கோடு இழுத்து விட்டா, அசைஞ்சா குனிஞ்சு பாத்ததும் தெரிஞ்சுரும்.

சிறுமலைச் சரிவு

ஸ்லீவ் போட்டா லூஸ் ஆகாதுங்குறது சரிதான். பட்டறைகள்ல ஸ்லீவ் இல்லாமத்தான் போடுறாங்க, அதை வச்சுச் சொன்னேன். இங்க சாண்ட்விச்சே பொருத்தம். ஒண்ணு சேக்குறேன்: சேஸ் மேல்பக்கம் பிரேக் லைன், டீசல் லைன், ஒயரிங் ஓடும். மேல் போல்ட் அதுங்களை உரசக் கூடாது. கையை விட்டுத் தடவிப் பாக்காம தகடு ஏத்தாதீங்க. சந்தேகம் வந்தா அந்த இடத்தை விட்டு 5 செ.மீ. நகத்துங்க.

வைகை மணல் (சோழவந்தான்)

பாடிக்கும் ஸ்லைடருக்கும் எவ்வளவு இடைவெளி? கடைகள்ல ஒட்டி வச்சாத்தான் பாக்க அழகா இருக்குன்னு சொல்றாங்க.

கே.புதூர் ஃபிட்டர்

20-லருந்து 25 மி.மீ. பாடி ரப்பர் புஷ் மேல உக்காந்திருக்கு, ஸ்லைடர் சேஸ்ல. ரெண்டும் தனித்தனியா ஆடும். ஒட்டி வச்சா சேஸ் முறுக்குறப்ப ஸ்லைடரே பாடி விளிம்பை நசுக்கும். எதைக் காப்பாத்தப் போட்டோமோ அதையே அது இடிக்கும். ரொம்பத் தள்ளினா கீழ தொங்கிக் கரையில மாட்டும். பைப்போட அடி சேஸ் அடியைவிடக் கீழ போகாம பாருங்க.

கரிசல்காட்டான், உங்க மண்ணுக்கு இது இன்னும் முக்கியம். கரிசல் சேறு அந்த இடுக்குல அப்பிக் காஞ்சா கல்லு மாதிரி ஆயிரும், அடுத்த மழை வரைக்கும் ஈரத்தை உள்ளேயே வச்சிருக்கும். விரல் நுழையிற இடைவெளி இருந்தாத்தான் தண்ணி பீச்சிக் கழுவ முடியும். இதே காரணத்துக்கு, முதன்மைப் பைப்புக்கும் அதுக்கு வெளியில போடுற ரெண்டாவது பைப்புக்கும் (வெளிபைப்) நடுவுல செக்கர் தகடு போட்டு மூடாதீங்க. கால் வைக்கணும்னா கதவு நேர்ல மட்டும் ஓட்டை போட்ட தகடு.

நாகமலை நாலுசக்கரம்

வெளிபைப்போட அளவை யாரும் சொல்லலையே. முதன்மைப் பைப்புக்கு வெளியில 8, 10 செ.மீ. தள்ளி 42.4 × 3.2 பைப் (ஒண்ணேகால் இன்ச் மீடியம்). ரெண்டையும் சேத்து நாலு குறுக்குத் துண்டு, அதுவும் கால் இருக்குற நேர்லயே. வெளிபைப் படுக்கையா வேண்டாம், 15 டிகிரி மேல ஏத்துங்க. பாறை கதவைத் தொடுறதுக்கு முன்னால இது தொட்டு வண்டியை அந்தப் பக்கம் தள்ளும். பின்முனையில மட்டும் இன்னும் 3, 4 செ.மீ. வெளிய வளைச்சா, இடுக்குல திரும்புறப்ப பின்சக்கரம் பாறையை விட்டு விலகும். முன்னால வளைக்காதீங்க, முள்ளுச்செடியும் வேலிக்கம்பியும் கோத்துக்கும்.

எடை: பக்கத்துக்கு 28, 30 கிலோ வரும். 15 கிலோன்னு யாராவது சொன்னா கால்லயோ கனத்துலயோ குறைச்சிருக்காங்கன்னு அர்த்தம். பைப் எடை நீங்களே போட்டுப் பாக்கலாம்: (விட்டம் − கனம்) × கனம் × 0.02466, மீட்டருக்குக் கிலோ. 48.3 × 4-க்கு 4.37 வரும். கடைத் தராசுல நிறுத்துப் பாத்தா கனம் குறைஞ்ச பைப்பை அங்கேயே புடிச்சிரலாம்.

கே.புதூர் ஃபிட்டர்

பட்டறைக்காரர் கையில குடுக்குற வேலை வரிசை:

வண்டி சமதளத்துல, டயர் தரையில இருக்கணும். ஜாக்கியில தூக்கி வச்சு அளந்தா கோணம் தப்பும். முதல்ல தகடுகளைச் சேஸ்ல மாட்டி போல்ட்டை டைட் பண்ணிருங்க. முதன்மைப் பைப்பைப் பாடிக்கு அடியில 25 மி.மீ. ரீப்பர் கட்டை வச்சு நிறுத்தி, காலை வெட்டிச் சேருங்க. உருண்டைப் பைப்புல சேருற கால் முனையை அரைவட்டமா குடைஞ்சு எடுக்கணும். சதுரமா வெட்டி, இடைவெளியை ராடு உருக்கி நிரப்புறது வெல்டிங் இல்ல, பட்டி பூசுறது.

வண்டியில டேக் (அங்கங்க புள்ளி வெல்டிங்) மட்டும். அதுக்கும் முன்னால பேட்டரி நெகட்டிவ் கழட்டுங்க, எர்த் கிளாம்ப் ஸ்லைடர்லயே, பொறி விழுற இடத்துக்கு ஒரு சாண் தூரத்துல. கதவுக் கண்ணாடிக்கும் பெயின்ட்டுக்கும் ஈரச்சாக்கு. கிரைண்டர் பொறி கண்ணாடியில ஒட்டினா சொரசொரன்னு நிக்கும், எந்தப் பாலிஷுக்கும் போகாது. டேக் அடிச்சதும் கழட்டி, மேசையில கிளாம்ப் போட்டு இறுக்கி ஃபுல் வெல்டிங். ஒரே முனையிலருந்து அடிச்சுக்கிட்டே போனா பைப் வாழைப்பழம் மாதிரி வளையும். மாத்தி மாத்தி அடிக்கணும்: முதல் கால், நாலாவது, ரெண்டாவது, மூணாவது.

மிக் வெல்டிங் மெஷின் இருந்தா நல்லது. ஆர்க்னா 7018 ராடு, 3.15 மி.மீ.; சூடாக்கிக் காய வச்சது. ஈரமான 7018-ஐவிட நல்லா அடிச்ச 6013 மேல்.

பைப் முனை ரெண்டையும் மூடி வெல்டிங். அடியில 8 மி.மீ. ஓட்டை, ரெண்டு கோடியிலயும். மூடின பைப்புக்குள்ள வேர்த்த தண்ணி உள்ளருந்து அரிக்கும்.

வைகை மணல்

பவுடர் கோட்டிங்? கப்பலூர்ல போட்டுத் தரலாம்னு சொல்றாங்க.

சிறுமலைச் சரிவு

வேண்டாம். ஸ்லைடர் பாறையில தேயுற பொருள். பவுடர் ஒரு இடத்துல உரிஞ்சா துரு அந்தத் தோலுக்கு அடியிலயே ஊர்ந்து போகும், வெளிய பளபளன்னு இருக்கும். ஜிங்க் எபாக்சி பிரைமர், மேல சாதாரணக் கருப்பு எனாமல். தேய்ஞ்ச இடத்தை உப்புத்தாள் போட்டு, பிரஷ்ஷால ரெண்டு இழுப்பு. பத்து நிமிஷம்.

மேலூர்க் கல்லு

ஜிம்னி, டஸ்டர் வச்சிருக்கவங்களும் இதைப் படிக்கலாம்ங்குறதால ரெண்டு வரி. ஜிம்னியும் சேஸ் வண்டிதான், இதே முறை செல்லும். அஞ்சு கதவுல வீல்பேஸ் 2590, டயர் சின்னது, நடுவுல சுமார் 1.9 மீட்டர் கிடைக்கும். ஸ்லைடர் நீளுறதால அஞ்சு கால் பாருங்க. எடை 1.2 டன்தான், அதனால கனத்துல கொஞ்சம் இறங்கலாம், இடைவெளியில இறங்க வேண்டாம். பக்கவாட்டு ஏர்பேக் இருக்கு, ஸ்லைடர் பாடியைத் தொடாம சேஸ்ல மட்டும் நிக்கணும்.

டஸ்டர் மாதிரி மோனோகாக்ல தனிச் சேஸே கிடையாது. கதவுக்கு அடியில இருக்குற அந்த விளிம்புதான் வண்டியோட எலும்பு. அதுல பைப்பை மாட்டினா பாறை அடி நேரா எலும்புக்கே போகும். விட்டுருங்க.

சட்டம்: மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, வண்டியைக் கம்பெனி அமைப்புலருந்து மாத்துறதைக் கட்டுப்படுத்துது. 2019 திருத்தத்துல வந்த 182ஏ(4)-ன்படி மாற்றம் ஒண்ணுக்கு 5,000 ரூபா அபராதம், ஆறு மாசம் வரை சிறை, இல்லாட்டி ரெண்டும். 2017 டிசம்பர்ல மத்திய அமைச்சகம் கிராஷ் கார்டு, புல் பார் மேல நடவடிக்கை எடுக்கச் சொல்லிச்சு. ரோட்டுல நிறுத்துறவர் ஸ்லைடரையும் அதே கண்ணாலதான் பாப்பார். கழட்டி மாட்டுற போல்ட் முறைக்கு இதுவும் ஒரு காரணம். வெளிபைப் வீல் ஆர்ச்சைத் தாண்டி நீட்டாம வச்சுக்கங்க. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்துல சொல்லிருங்க.

கரிசல்காட்டான்

எல்லாருக்கும் நன்றி அண்ணே. பட்டறைக்கு எழுதிக் குடுக்கப் போறது, ரெண்டு பக்கத்துக்கும் சேத்து: 48.3 × 4 கருப்புப் பைப் 3 மீட்டர், 42.4 × 3.2 பைப் வெளிபைப்புக்கு 3 மீட்டரும் குறுக்குத் துண்டுக்கு 1 மீட்டரும், 60 × 60 × 4 சதுரம் இரண்டரை மீட்டர், 8 மி.மீ. தகடு 16 துண்டு, எம்12 8.8 போல்ட் 32, நைலாக் நட்டு 32. சரியா? ஹை லிஃப்ட் ஜாக்கி போட்டா ஸ்லைடர்ல எங்க வைக்கணும்?

நாகமலை நாலுசக்கரம்

வாஷர் 64 விட்டுப்போச்சு, தலைப்பக்கம் ஒண்ணு, நட்டுப்பக்கம் ஒண்ணு. உதட்டுக்கு 40 × 40 × 5 ஆங்கிள் 1 மீட்டர், கசெட்டுக்கு 6 மி.மீ. தகட்டுல 8 முக்கோணம் சேத்துக்கங்க. போல்ட் நீளத்தைச் சேஸ் அகலம் அளந்த பிறகு வாங்குங்க. அகலம் + 16 + வாஷர் ரெண்டு + நட்டு, அதுக்கு மேல ரெண்டு மரை வெளிய தெரியணும்.

ஜாக்கி கால் நேர்ல மட்டும், முதன்மைப் பைப்புல. உருண்டைப் பைப்புல ஜாக்கி நாக்கு வழுக்கும். அந்த நாலு இடத்துலயும் அடியில 10 மி.மீ. கம்பித் துண்டு ரெண்டு, நாக்கோட அகலம் விட்டு வெல்டிங் பண்ணச் சொல்லுங்க, நாக்கு நடுவுல உக்காந்துக்கும். வெளிபைப்புல வச்சுத் தூக்காதீங்க.

கே.புதூர் ஃபிட்டர்

தகடு 16-ல எட்டுக்குத்தான் உதடு. வெட்டினதும் வெளித் தகடுக்குச் சுண்ணாம்புக்கட்டியில "வெ"னு போட்டு வைக்கச் சொல்லுங்க. இடம் வலம் மாத்தி வெல்டிங் பண்ணிட்டா உதடு மேல போய் நிக்கும்.